எஸ்தரம்மாவும் ரெட்டை மாத்திரையும்

டாக்டர் எஸ்தரம்மா இறந்துபோன செய்தி, ஒரு பொய்யையும் கையோடு கூட்டிக்கொண்டுதான் என்னிடம் வந்தது. காலையில் பள்ளிக்கூட வாசலில் கால் வைத்ததும் காவல்காரர் ஓடி வந்தார். "டீச்சர், டாக்டரம்மா போய்ட்டாங்களாம். ரெட்டை மாத்திரை போடாதே, போடாதேன்னு ஊருக்கெல்லாம் சொல்லிகினு இருந்தாங்களே, கடைசில அதைப் போடாமயே மூச்சு முட்டிப் போய்ட்டாங்களாம். இன்னா பிடிவாதம் பாருங்க" என்றார்.

அழுகை வருவதற்கு முன்னால் எனக்குக் கோபம் வந்தது. அழுகை பிறகு வந்தது, நிறையவே வந்தது. ஆனால் கோபம்தான் முதலில் வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. அன்று மாலைக்குள் அதே பேச்சைக் கடைத்தெருவில் கேட்டேன், பேருந்தில் கேட்டேன், தோல் பதனிடுகிற தோல் ஷாப் வாசலில் கேட்டேன். ஒருவர் பரிதாபத்தோடு சொன்னார், ஒருவர் லேசான திருப்தியோடு சொன்னார். உயிரோடு இருந்தவரை அவரை வாயால் ஜெயிக்க முடியாதவர்கள், அவர் பதில் சொல்ல முடியாத நாள் பார்த்து ஜெயிக்கப் பார்க்கிறார்கள். ஆகவே இந்த அஞ்சலியை நான் கைகட்டிக்கொண்டு எழுதவில்லை. ஆம்பூரில் அவரை அறிந்தவர்கள் யார் இதைப் படித்தாலும் சரி, மறுக்க நினைப்பவர்கள் என் வீட்டுக்கு வரலாம். சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எஸ்தரம்மா அந்த மாத்திரைக்கு விரோதி இல்லை. அவருக்கே இளைப்பு நோய் உண்டு. ராணிப்பேட்டையில் பிறந்து, தோல் வாடையிலேயே வளர்ந்து, படித்து டாக்டராகி, மறுபடியும் தோல் வாடைக்கே வந்து சேர்ந்தவர். பனிக்காலத்தில் அவர் நோயாளியின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்கும்போது, "இரு, இது உன் சத்தமா என் சத்தமான்னு தெரியல" என்று தன் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பார். அப்படிப்பட்டவருக்கு அந்த மாத்திரையின் அருமை தெரியாதா?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த மாத்திரையில் இரண்டு மருந்துகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று, தும்மல், அரிப்பு, தடிப்பு இவற்றை அடக்குவது. அடக்கும்போது தூக்கத்தையும் கொண்டுவருவது. இன்னொன்று ஸ்டீராய்டு. அதுதான் பெரிய கை. மூச்சுக்குழல் வீங்கி அடைத்துக்கொண்டால் அந்த வீக்கத்தை வற்றவைக்கும். இரண்டும் ஒரே வில்லையில் இருப்பதால் நம் ஊரில் ரெட்டை மாத்திரை என்ற பெயர் வந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் அது இங்கே வந்து சேர்ந்தபோது கடவுளே வந்து இறங்கியது போலத்தான் இருந்தது. தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கிக் கையெல்லாம் வெடித்து அரித்தவர்களுக்கு அரிப்பு நின்றது. பட்டைக் கொட்டகையில் மூச்சு இழுத்தவர்களுக்கு இழுப்பு நின்றது. டாக்டர் சீட்டு இல்லாமல் கடைகளில் கிடைத்தது. யார்தான் வேண்டாம் என்பார்கள்?

என் வீட்டுக்காரர் அந்தப் பட்டைக் கொட்டகையில்தான் வேலை செய்தார். தோலைப் பதனிட வேலம்பட்டையையும் கடுக்காயையும் இயந்திரத்தில் போட்டு அரைக்கிற இடம் அது. உள்ளே போனால் எதிரில் இருப்பவர் முகம் தெரியாத அளவுக்குத் தூள் பறக்கும். வாயைத் துணியால் கட்டிக்கொண்டாலும் எச்சில் காவி நிறத்தில்தான் வரும். அவருக்குச் சில வருஷங்களிலேயே இழுப்பு வந்துவிட்டது. வேலைக்குப் போகாத நாட்கள் கூடிக்கொண்டே போயின. அப்போதுதான் கொட்டகையின் மேஸ்திரி ஒரு வழி கண்டுபிடித்தார். மருந்துக் கடையிலிருந்து ரெட்டை மாத்திரையை மொத்தமாக வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்துக்கொண்டார். காலையில் வாசலில் நின்று, இருமுகிறவனுக்கு ஒன்று, சொறிகிறவனுக்கு ஒன்று என்று கொடுப்பார். சாப்பாட்டு வேளையில் இன்னொன்று. "போட்டுக்க, போட்டுக்க, மெஷினு ஓடணும்" என்பார். மெஷினுக்கு எண்ணெய் விடுவதும் ஆளுக்கு மாத்திரை கொடுப்பதும் அவருக்கு ஒரே வேலையாகத்தான் இருந்தது.

மாதக்கணக்கில் அது நடந்தது. என் வீட்டுக்காரருக்கு இழுப்பு போனது மட்டுமல்ல, பசி எடுத்தது, கன்னம் உப்பியது, முகம் பௌர்ணமி மாதிரி ஆனது. ஒல்லியாகவே பார்த்த மனிதரை அப்படிப் பார்த்ததில் எல்லாருக்கும் சந்தோஷம். "டீச்சர் சம்பளத்துல நல்லா ஊட்டி வுடறாங்கப்பா" என்று தெருவே கேலி செய்தது. நானும் உள்ளூர மகிழ்ந்துதான் போனேன். அவர் பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுந்ததையும், மாடிப்படி ஏறும்போது தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் அந்தக் கன்னங்கள் மறைத்துவிட்டன.

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைப் பரிசோதிக்க எஸ்தரம்மா வந்திருந்த ஒரு நாள், என்னை அழைத்துப் போக என் வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்றார். எஸ்தரம்மா கையில் இருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டு நேரே அவரிடம் போனார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. கன்னத்தைத் திருப்பிப் பார்த்தார், கையின் தோலைப் பார்த்தார்.

"இத்தினி நாளா இன்னா மாத்திரை போட்டுகினு இருக்கே?"

அவர் தயங்கி, மேஸ்திரி கொடுப்பதைச் சொன்னார். எஸ்தரம்மாவின் முகம் மாறிவிட்டது. அதே தோல் ஷாப்பில் வாரத்துக்கு ஒரு நாள் போய்க் காயம் பட்டவர்களைப் பார்க்கும் டாக்டர் அவர்தான். அவருக்குத் தெரியாமல் இது நடந்திருக்கிறது.

"டீச்சர், இது சதை இல்ல, வீக்கம். மருந்தோட வேலை. இதை நிறுத்தணும். ஆனா நீயா நிறுத்தாதேப்பா. எங்கிட்ட வா, நான் கொஞ்சம் கொஞ்சமா கம்மி பண்ணித் தர்றேன்" என்றார்.

என் வீட்டுக்காரர் மரியாதையாகத் தலையை ஆட்டினார். வெளியே வந்ததும், "அவங்களுக்கு இன்னா, டாக்டர். மாத்திரையை வுட்டா இழுப்பு வரும், இழுப்பு வந்தா வேலை போய்டும்" என்றார். எஸ்தரம்மாவிடம் போகவே இல்லை.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு அவர் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். வேண்டுதலே இந்த இழுப்புக்காகத்தான். இழுப்புதான் நின்றுவிட்டதே, முருகன் தன் பங்கைச் செய்துவிட்டான், இனி நாம் நம் பங்கைச் செய்ய வேண்டும் என்று காப்புக் கட்டிக்கொண்டார். ஒரு வேளைச் சாப்பாடு, பச்சைத் தண்ணீரில் குளியல், வெறும் பாய். கூடவே இன்னொன்றும் செய்தார். மாத்திரையை அடியோடு விட்டுவிட்டார். நான் கேட்டதற்கு, "சாமி குணப்படுத்தினப்புறம் மாத்திரையும் போட்டா, அது சாமியைச் சந்தேகப்படற மாதிரி" என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது? எனக்கும் அது நியாயமாகவே பட்டது. டாக்டரம்மாவும் நிறுத்தத்தானே சொன்னார் என்று நினைத்துக்கொண்டேன்.

காப்புக் கட்டிய சில நாட்களிலேயே சோர்வு வந்தது. உடம்பெல்லாம் வலி, வாந்தி. விரதத்தின் கடுமை என்றார்கள். கிருத்திகையன்று காலையில் காவடியைத் தோளில் ஏற்றியதும் அவர் ஆடினார். மேளக்காரர்கள் அதைப் பார்த்து இன்னும் வேகமாக அடித்தார்கள். கண் மேலே செருகியது. "வந்துட்டான், முருகன் வந்துட்டான்" என்று பெண்கள் கும்பிட்டு விழுந்தார்கள். யாரோ அவர் எதிரில் கற்பூரம் ஏற்றினார்கள். நானும் கைகூப்பிக்கொண்டுதான் நின்றேன்.

தெருமுனையில் கரீம் பாய் நின்றிருந்தார். அதே கொட்டகையில் என் வீட்டுக்காரரோடு பட்டை அரைக்கிறவர், நெருங்கிய தோஸ்து. காவடி வரும்போது நீர்மோர் கொடுக்கிறவர்களுக்கு வருஷா வருஷம் உதவிக்கு வந்து நிற்பார். அவர் சொம்பைக் கீழே போட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் புகுந்தார்.

"அட, மேளத்தை நிறுத்துங்கப்பா! சாமி வந்தா மூஞ்சி இப்டியா வெளுக்கும்? ஆளு சாயறாரு, புடிங்க!"

அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே என் வீட்டுக்காரர் விழுந்தார். காவடியை யாரோ பிடித்துக்கொண்டார்கள், ஆளைக் கரீம் பாய் பிடித்துக்கொண்டார். ஜட்கா வண்டியில் போட்டு எஸ்தரம்மாவின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது. நாடி இருக்கிறதா இல்லையா என்று கரீம் பாயும் நானும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே போனோம். தாலியைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றிக்கொண்டே எஸ்தரம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த மாத்திரையை எப்ப நிறுத்தினான்?" காப்புக் கட்டிய அன்று என்றேன். அவர் ஊசியை எடுத்தார். ஒரு ஊசி, பிறகு நரம்பில் உப்புத் தண்ணீரும் குளுக்கோஸும். சாயங்காலம் என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார்.

அந்த ஊசியில் என்ன இருந்தது என்று பிறகு கேட்டேன். "அதே ஸ்டீராய்டுதான்" என்றார். எனக்குப் புரியவில்லை. நிறுத்தச் சொன்னதும் இவரே, கொடுப்பதும் இவரே. எஸ்தரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அன்று அவர் சொன்னதை என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

"உன் வீட்ல சமைக்கறதுக்கு ஒரு அம்மா இருக்காங்கன்னு வெச்சிக்க. மாசக்கணக்கா நீ ஓட்டல் சோறு வாங்கினா அவங்க இன்னா பண்ணுவாங்க? நமக்கு இங்க வேலை இல்லன்னு ஊருக்குப் போய்டுவாங்க. ஒரு நாள் ஓட்டலையும் திடீர்னு நிறுத்திட்டா? வீடு பட்டினி. இந்த மருந்தை உடம்பு தானாவே கொஞ்சம் செய்யுது டீச்சர். வெளியிலேர்ந்து ஜாஸ்தியா வந்ததும் செய்யறதை நிறுத்திடுச்சு. இவன் வெளியிலேர்ந்து வர்றதையும் வெட்டிட்டான், சாப்பாட்டையும் வெட்டிட்டான். ஊருக்குப் போனவங்களுக்குச் சொல்லி அனுப்பணும், அவங்க வந்து அடுப்பைப் பத்த வெக்கணும். அதுக்கு நாளாகும். அதுவரைக்கும் ஓட்டல் சோறு கொஞ்சம் கொஞ்சமா கம்மியாகிட்டே வரணும்."

பிறகு எழுந்து ஜன்னலருகே போய் நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமலே இன்னொன்றும் சொன்னார். "அன்னிக்கு நான் ரெண்டு விஷயம் சொன்னேன். நிறுத்தணும்னேன், நீயா நிறுத்தாதேன்னேன். ஒண்ணுதான் அவன் காதுல நின்னுது. சொன்னா போதும்னு நெனச்சது என் தப்பு. அவனைத் திருப்பிச் சொல்ல வெச்சிருக்கணும்."

அவருடைய ஆஸ்பத்திரியின் அந்தப் பேர்போன வழக்கம் இப்படித்தான் பிறந்தது. எஸ்தரம்மாவிடம் போனவர்கள் யாரும் அதை மறந்திருக்க முடியாது. ரெட்டை மாத்திரையோ வேறு ஸ்டீராய்டோ எழுதினால், அவர் விளக்கிவிட்டு அனுப்பமாட்டார். நோயாளியை எழுந்து நிற்கச் சொல்லி, காத்திருக்கும் எல்லார் முன்னாலும் மூன்று கேள்வி கேட்பார். இது எதுக்கு? எத்தினி நாளு? எப்படி நிறுத்தணும்? தப்பாகச் சொன்னால் "இன்னொரு தரம் சொல்லு" என்பார். லுங்கி வியாபாரம் செய்யும் குடியாத்தத்துப் பெரிய மனிதர் ஒருவர் அவமானப்பட்டு எழுந்து போகப் பார்த்தார். "போங்க, ஆனா சீட்டை வெச்சிட்டுப் போங்க" என்றார் எஸ்தரம்மா. அவர் நின்று, பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒப்பித்துவிட்டுத்தான் போனார். என் தொழிலை இந்த அம்மா பிடுங்கிக்கொண்டார் என்று நான் கேலி செய்வதுண்டு.

கிருத்திகை முடிந்த மறுநாள் காலையில் எஸ்தரம்மா தோல் ஷாப் வாசலுக்குப் போனார். கரீம் பாய் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். மேஸ்திரி டின்னோடு நின்றிருக்கிறார். எஸ்தரம்மா கையை நீட்டி, "அதை இங்க குடு" என்றார். மேஸ்திரி கொடுக்கவில்லை. அதைவிடப் பெரிய தடை வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஆட்களே சூழ்ந்துகொண்டார்கள். "டாக்டரம்மா, எங்க வயித்துல அடிக்காதீங்க. அது இல்லன்னா நாங்க உள்ள கால் வெக்க முடியாது" என்று ஒருவர் கும்பிட்டார். "இது நல்லா கீது, உங்களுக்கு இன்னா பேஜாரு?" என்று இன்னொருவர் சத்தம் போட்டார்.

வேறு யாராக இருந்தாலும் டின்னைப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டியிருப்பார்கள். கேட்கிறவர்களுக்கு வீரமாக இருந்திருக்கும். எஸ்தரம்மாவால் அதைச் செய்ய முடியாது. கொட்டினால், மாதக்கணக்கில் விழுங்கியவர்கள் அத்தனை பேரும் என் வீட்டுக்காரரைப் போல விழுவார்கள். இந்தச் சிக்கல் அங்கே நின்றவர்களில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"உங்ககிட்டேர்ந்து மாத்திரையைப் பிடுங்க வர்லப்பா. நானே குடுக்கறேன். யாருக்கு எவ்வளவுன்னு நான் சொல்றேன். அந்த ஆளு மெஷினுக்காகக் குடுக்கறான், நான் உனக்காகக் குடுக்கறேன். அவ்ளோதான் வித்தியாசம்" என்றார்.

அன்றிலிருந்து அவர் தினமும் காலையில் அந்த வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மடியில் பீங்கான் தட்டு, கையில் சவரப் பிளேடு. ஒவ்வொருவரையும் நிறுத்தி, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, மாத்திரையைப் பாதியாக, பிறகு காலாக வெட்டிக் கொடுத்தார். காலைச் சாப்பாடு சாப்பிட்டாயா என்று கேட்டு, இல்லை என்றால் எதிர் டீக்கடைக்கு விரட்டினார். வயிற்றுப்புண் இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா, மாலையில் காய்ச்சல் வருகிறதா, சளியில் ரத்தம் வருகிறதா என்று துருவினார். காசநோய் உள்ளே பதுங்கியிருந்தால் இந்த மருந்து அதற்குக் கதவைத் திறந்துவிடும் என்பார். அப்படிச் சந்தேகப்பட்டு ஒருவரை வேலூருக்கு அனுப்பினார்; சந்தேகம் சரியாகவே இருந்தது. அரைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் தூங்கி வழிந்துகொண்டிருந்த இன்னொருவரை, மாத்திரை முழுதாக நிற்கும்வரை அதன் பக்கமே போகக் கூடாது என்றார்.

முதலாளிக்குச் செய்தி போயிற்று. அவர் காரிலிருந்து இறங்காமலே, "உங்களுக்கு வாரத்துல ஒரு நாளுக்குத்தான் சம்பளம்" என்றார். "அந்தச் சம்பளமும் இனிமே வேணாம். இப்ப நான் உங்க டாக்டர் இல்ல, இவங்க டாக்டர்" என்றார் எஸ்தரம்மா. வாசல் என் இடம், எழுந்திருங்கள் என்றார் முதலாளி. எஸ்தரம்மா எழுந்தார். நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து, எதிர் டீக்கடை ஓரமாகப் போட்டு உட்கார்ந்தார். இரைப்பு வந்து கொஞ்ச நேரம் பேச முடியவில்லையாம். பேச்சு வந்ததும், "அடுத்த ஆளு" என்றாராம்.

வரிசை வாசலைவிட்டு டீக்கடைக்கு மாறியது. அதுவே முதலாளிக்குக் கசந்தது. மருந்தை மட்டும் பேசியிருந்தால் அதையும் பொறுத்திருப்பார். "மருந்து பாதிதான், மீதி பாதி அந்தக் கொட்டகையில இருக்குது. பட்டையை நனைச்சு அரைங்க, கூரையைத் திறங்க, இழுப்பு இருக்கறவனை வேற இடத்துக்கு மாத்துங்க. தூளை உள்ள தள்ளிட்டு மேல மாத்திரையைத் தள்றது வைத்தியமா?" என்று டீக்கடையில் உட்கார்ந்து எல்லார் காதிலும் விழும்படி கேட்டார். கரீம் பாயும் மற்றவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கூரை திறக்காமல் உள்ளே போவதில்லை என்று ஒரு நாள் வெளியிலேயே நின்றுவிட்டார்கள். எல்லாம் கிடைத்துவிடவில்லை. கூரையில் ஒரு பக்கம் திறந்தது. பட்டையை நனைப்பது மேஸ்திரியின் மனநிலையைப் பொறுத்து இன்றும் நடக்கிறது, நடக்காமலும் போகிறது. ஆனால் என் வீட்டுக்காரரும் இழுப்பு இருந்த மற்றவர்களும் பதனிட்ட தோலைத் தரம் பிரிக்கும் கூடத்துக்கு மாற்றப்பட்டார்கள். டின் போய்விட்டது. வெட்டி வெட்டிக் குறைத்ததில் ஒருவர்கூட விழவில்லை. என் வீட்டுக்காரரின் கன்னம் வற்றிப் பழைய ஒட்டிய முகம் திரும்பி வந்த நாளில், கண்ணாடியில் பார்த்து, "டீச்சர் சம்பளம் கம்மியாய்டுச்சு போல" என்றார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

இன்னொரு சம்பவத்தைச் சொல்லாவிட்டால் நானும் அந்தப் பொய்க்குத் துணை போனவள் ஆவேன். அதற்குச் சில வருஷங்கள் கழித்து ஒரு மார்கழிப் பனியில் என் வீட்டுக்காரருக்குக் கடுமையான இழுப்பு வந்தது. பேச்சு துண்டு துண்டாக வந்தது. எஸ்தரம்மா ஊசி போட்டுவிட்டு ஸ்டீராய்டு மாத்திரையை நீட்டினார். இவர் வாயை இறுக மூடிக்கொண்டார். ஒரு முறை செத்துப் பிழைத்தவர் அல்லவா? வேண்டாம் என்று கையை ஆட்டினார். எஸ்தரம்மா அன்று போட்ட சத்தம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.

"தேவையில்லாதப்ப முழுங்கினவனும் முட்டாள், தேவைப்படறப்ப முழுங்காதவனும் முட்டாள்! எனக்கு இந்த மாத்திரை மேல கோவமே இல்லடா. இதை மிட்டாய் ஆக்கினானே, அவன் மேலதான் கோவம். போடு. இது அந்த ரெட்டை இல்ல, தூக்கம் இல்லாத ஒத்தை. ரெட்டையில இளைப்புக்கு வேலை செய்யறது ஸ்டீராய்டு பாதிதான், அடுத்த பாதி சும்மா தூங்க வெக்கும். கொஞ்ச நாளைக்குத்தான், காலைல சாப்பிட்டப்புறம். சீக்கிரம் நிறுத்தறதால இதுல வெட்ட வேண்டியதில்ல. சொல்லு, எதுக்கு?"

இவர் மூச்சு வாங்கிக்கொண்டே ஒப்பித்தார். ஒரு வார்த்தை தப்பவில்லை. எஸ்தரம்மா அவர் தலையைத் தடவிக் கொடுத்தார். அவரிடமிருந்து அப்படி ஒரு செய்கையை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

இப்போது அவருடைய சாவுக்கு வருகிறேன். செய்தி கேட்ட அன்றே அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய தங்கை லில்லியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான். அந்த வாரம் எஸ்தரம்மாவுக்கு இளைப்பு வந்தது உண்மை. அவர் ஸ்டீராய்டு மாத்திரை போட்டுக்கொண்டதும் உண்மை, சாப்பிட்ட பிறகு, காலையில், தான் மற்றவர்களுக்குச் சொன்ன அதே முறையில். இளைப்பு தணிந்துவிட்டது. நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பிறகு ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. மாரடைப்பு. வேலூரிலிருந்து வந்த டாக்டரும் அதையே சொன்னார். மூச்சு முட்டவில்லை, மாத்திரையை மறுக்கவில்லை, பிடிவாதத்தால் சாகவில்லை. பிடிவாதத்தால் அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான். என் வீட்டுக்காரரைப் போன்ற பலரைப் பிழைக்கவைத்தார்.

அடக்கம் செய்துவிட்டு வரும் வழியில் கடைத்தெருவில் மருந்துக்கடை திறந்திருந்தது. அந்த மேஸ்திரிக்கு மொத்தமாக விற்ற அதே கடை. ஒரு ஆள் சட்டைக்குள் கையை விட்டுச் சொறிந்துகொண்டு நின்றார். கடைக்காரர் ரெட்டை மாத்திரையை ஒரு கைப்பிடி எடுத்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தார். நான் படியேறினேன். என் வீட்டுக்காரரும் கரீம் பாயும் பின்னால் வந்து நின்றார்கள்.

"எதுக்குப்பா இது?" என்று அந்த ஆளைக் கேட்டேன்.

"அரிப்புக்கு."

"எத்தினி நாளு?"

"அரிப்பு போறவரைக்கும்."

"எப்படி நிறுத்துவே?"

அவர் கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் சலித்துக்கொண்டார். "டீச்சர், டாக்டரம்மாவைப் பொதைச்சிட்டுதானே வர்றீங்க? இன்னும் இன்னா?"

"அவங்களைத்தான் பொதைச்சோம்" என்றேன். "மாத்திரையை உள்ள வெய்யி. சீட்டு இல்லாம குடுத்தே, நாளைலேர்ந்து உன் கடை எதிர்ல நாற்காலி போட்டு நான் உக்காருவேன்."

கரீம் பாய், "நாற்காலி நான் கொண்டாரேன்" என்றார். கடைக்காரர் பொட்டலத்தைப் பிரித்தார்.

எஸ்தரம்மாவின் பீங்கான் தட்டை லில்லியம்மா எனக்குத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். எனக்கு அவரிடமிருந்து வேண்டியது ஏற்கனவே என்னிடம் இருக்கிறது. வீட்டில் பக்கத்துத் தலையணையில் மூச்சு சத்தமில்லாமல் போய் வருகிறது. வாயில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அன்று அந்த ஆளை அங்கேயே நிறுத்தி, டாக்டரிடம் போய் எதையெல்லாம் கேட்க வேண்டும் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கப் பார்த்தார். நான் விடவில்லை.

"தலையை ஆட்டாதே. சொல்லு" என்றேன்.

அவர் சொன்னார். பாதியை விட்டுவிட்டார்.

"இன்னொரு தரம் சொல்லு."